பில்ட் நேரத்தில் ஏபிஐ தரவைக் கோப்பாகச் சேமிப்பது: நீங்கள் எங்கே வைக்கிறீர்கள்?

பனையோலை · திங்கள், காலை 9:40

வணக்கம். கட்டற்ற மென்பொருள்களுக்கான ஒரு பட்டியல் தளத்தை நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறோம். எலெவன்டி என்ற நிலைத்தளக் கருவியில் கட்டியது (பக்கங்களை எல்லாம் முன்கூட்டியே உருவாக்கி வைக்கும், அந்த ஓட்டம்தான் பில்ட்), கிட்ஹப்பின் தள இடமான கிட்ஹப் பேஜஸில் இருக்கிறது. பட்டியலில் சுமார் 300 திட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம். விளக்கம், உரிமம், நட்சத்திரங்கள், கடைசி வெளியீடு வந்த தேதி ஆகிய நான்கும் கிட்ஹப் ஏபிஐயிலிருந்து (நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் வாயில்) வருகின்றன.

இப்போது இந்தத் தரவையெல்லாம் பில்ட் ஓடும்போதே கேட்டு வாங்குகிறோம். ஒரு திட்டத்துக்கு இரண்டு அழைப்பு: ரெப்போ (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் களஞ்சியம்) விவரத்துக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று. ஆக ஒரு பில்டுக்கு 600. டோக்கன் (கேட்பவர் யார் என்று காட்டும் அனுமதிச் சாவி) இல்லாமல் கேட்டால் ஒரு ஐபி முகவரிக்கு மணிக்கு 60 அழைப்புதான் அனுமதி. சொந்த டோக்கன் இருந்தால் 5,000. கிட்ஹப்பின் தானியங்கி வேலைச் சேவையான ஆக்‌ஷன்ஸ் தானாகக் கொடுக்கும் டோக்கனுக்கு ஒரு ரெப்போவுக்கு மணிக்கு 1,000. ஒரே மணி நேரத்தில் இரண்டு மெர்ஜ் (பங்களிப்பை ரெப்போவில் சேர்ப்பது) நடந்தால் இரண்டாவது பில்ட் பாதியில் நின்றுவிடுகிறது.

பங்களிக்க வருபவர்கள் பாடுதான் இன்னும் வருத்தம். ஒரு பக்கத்தில் எழுத்துப்பிழை திருத்த வருபவர்கூட, தன் கணினியில் தளத்தைக் கட்டிப் பார்க்க முதலில் டோக்கன் எடுக்க வேண்டியிருக்கிறது. கோப்பு மாறியதும் தானாக மறுபடி கட்டும் வாட்ச் முறையில் ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் டேட்டா கோப்பு மறுபடி ஓடி ஏபிஐயைத் தட்டுகிறது.

ஏபிஐ கொடுப்பதைக் கோப்பாக வைத்துக்கொண்டு அதிலிருந்தே தளத்தைக் கட்டலாம் என்று நினைக்கிறோம். எங்கே வைப்பது, எப்போது புதுப்பிப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நூல்கண்டு · திங்கள், காலை 10:25

எலெவன்டி ஃபெட்ச் ப்ளக்இன் உங்களுக்காகவே இருக்கிறது. முகவரியைக் கொடுத்தால் பதிலை வாங்கி கேச் (தற்காலிகச் சேமிப்பு) ஃபோல்டரில் கோப்பாக வைத்துக்கொள்ளும். கால அளவு எதுவும் சொல்லாவிட்டால் ஒரு நாள் வரை அந்தக் கோப்பையே தரும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, காலாவதி ஆன பிறகு மறுபடி கேட்கும்போது எதிர்ப்பக்க சர்வர் படுத்துக் கிடந்தால், பழைய நகல் இருக்கும் பட்சத்தில் அதையே கொடுத்துவிடும். பில்ட் உடையாது.

ஆக்‌ஷன்ஸில் ஒவ்வொரு பில்டும் வெறும் இயந்திரத்தில்தான் தொடங்கும். அதனால் அந்த ஃபோல்டரை ஆக்‌ஷன்ஸ் கேச்சில் போட்டு எடுக்க வேண்டும். இங்கே பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. ஒரு சாவியில் ஒருமுறை சேமித்ததை அதே சாவியில் மேலெழுத முடியாது. மாறாத சாவி ஒன்றை வைத்துவிட்டால் முதல் நாள் தரவே திரும்பத் திரும்ப வரும். அது காலாவதி ஆனதால் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்கும், கேட்டது சேமிக்கப்படாது, மறுநாளும் அதே கதை. சாவியின் கடைசியில் அந்த ஓட்டத்தின் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். எடுக்கும்போது முன்னொட்டை மட்டும் கொடுத்தால் இருப்பதிலேயே புதியது வரும்.

வெண்கொக்கு · திங்கள், பகல் 12:10

நூல்கண்டு சொன்ன வழி வேலை செய்யும். ஆனால் பனையோலையின் தளத்துக்கு அது போதாது.

ஆக்‌ஷன்ஸ் கேச் நிரந்தரமான இடம் இல்லை. 7 நாள் யாரும் தொடாவிட்டால் அழித்துவிடுவார்கள். ஒரு ரெப்போவுக்கான 10 ஜிபி இடம் நிறைந்தாலும் பழையது போய்விடும். கேச் காலியான அதே நாளில் ஏபிஐயும் பதில் சொல்லவில்லை என்றால் கையில் எதுவும் மிஞ்சாது. அப்புறம், பங்களிப்பவரின் மடிக்கணினிக்கு அந்தக் கேச் போய்ச் சேரவே சேராது. அவர் டோக்கன் எடுக்கும் தொல்லை அப்படியேதான் இருக்கும்.

என் யோசனை: தரவு எடுப்பதையும் தளம் கட்டுவதையும் இரண்டு தனி வேலையாகப் பிரித்துவிடுங்கள். எடுக்கும் ஸ்கிரிப்ட் தனியாக, தன் நேரத்தில் ஓடட்டும். வாங்கியதைச் சுத்தம் செய்து ஒரு ஜேசன் (தரவை உரையாக எழுதும் வடிவம்) கோப்பாக டேட்டா ஃபோல்டரில் எழுதி ரெப்போவிலேயே கமிட் செய்யட்டும் (மாற்றமாகப் பதிவு செய்யட்டும்). பில்ட் அந்தக் கோப்பை மட்டும் படிக்கட்டும். பில்டுக்குள் ஒரு அழைப்புகூடப் போகக்கூடாது.

இப்படிச் செய்தால் ரயிலில் இணையம் இல்லாமல் உட்கார்ந்துகூடத் தளத்தைக் கட்டலாம். ஃபோர்க்கிலிருந்து (பங்களிப்பவர் எடுத்த நகல்) வரும் புல் ரிக்வெஸ்ட்டுக்கு (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்பது) நீங்கள் வைத்திருக்கும் ரகசியங்கள் எதுவும் தரப்படாது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரியானதும்கூட. பில்டுக்கு டோக்கனே தேவையில்லை என்றால் அங்கேயும் சோதனை ஓடும். ஒரு மாதத்துக்கு முந்தைய கமிட்டை எடுத்துக் கட்டினால் ஒரு மாதத்துக்கு முந்தைய தளம் அப்படியே வரும். பில்டுக்குள் ஏபிஐயைக் கேட்டால் பழைய வார்ப்புருவும் இன்றைய தரவும் கலந்து, எப்போதும் இருந்திராத ஒரு தளம் வரும். பிழை தேடும்போது இது ஆளைச் சுற்றலில் விடும்.

இப்படித் தரவை அவ்வப்போது எடுத்து கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட்டில் கமிட் செய்து வைப்பதற்கு நிரலாளர் சைமன் வில்லிசன் 2020இல் கிட் ஸ்கிரேப்பிங் என்று பெயர் வைத்தார். தரவு எப்போது எப்படி மாறியது என்ற வரலாறும் சேர்ந்தே கிடைக்கும் என்பதுதான் அதில் அவருக்கு முக்கியம். தளம் கட்டுபவர்களுக்கு அதைவிடப் பெரிய லாபம், கடைசியாக நன்றாக இருந்த நகல் எப்போதும் கையில் இருக்கிறது என்பது.

கடலோடி · திங்கள், பகல் 1:05

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 300 திட்டம், தினமும் நட்சத்திரம் மாறும். தினமும் ஒரு தானியங்கிக் கமிட், அதில் நூற்றுக்கணக்கான வரி மாற்றம். ஆறு மாதம் கழித்து கமிட்களின் பட்டியலான லாக் எடுத்துப் பார்த்தால் மனிதர்கள் செய்த கமிட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரெப்போவும் வீங்கும். ஒரு தரம் கமிட் ஆனது வரலாற்றிலிருந்து போகாது. தரவு என்பது தரவு, அதைக் கோடோடு கலக்கக்கூடாது.

வெண்கொக்கு · திங்கள், பிற்பகல் 2:30

கடலோடி, ஏபிஐ தரும் பதிலை அப்படியே எடுத்து வைத்தால் நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. அப்படி வைக்கக்கூடாது.

கிட்ஹப்பில் ஒரு ரெப்போ விவரத்தைக் கேட்டுப் பாருங்கள். கிளைகளுக்கு ஒரு முகவரி, குறிச்சொற்களுக்கு ஒன்று, இஷ்யூக்களுக்கு (பிழைக் குறிப்புகள்) ஒன்று, ஃபோர்க்குகளுக்கு ஒன்று என்று முகவரிகளே பல டஜன் வரும். உரிமையாளரின் அவதார் படம் முதல் அவர் யாரைப் பின்தொடர்கிறார் என்ற முகவரி வரை இருக்கும். பனையோலையின் பக்கத்துக்கு இதில் எது வேண்டும்? பெயர், விளக்கம், உரிமம், நட்சத்திரம், வெளியீட்டின் பெயர், வெளியீட்டுத் தேதி, காப்பகப்படுத்தப்பட்டதா இல்லையா. ஏழு புலம். மற்றதையெல்லாம் வாங்கிய இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

அடுத்து, எழுதும் விதம். பதிவுகளை எப்போதும் பெயர் வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொரு பதிவுக்குள்ளும் புலங்கள் ஒரே வரிசையில் வரட்டும். ஒரு வரியில் ஒரு புலம். இப்படி எழுதினால் ஒரு திட்டம் புதிய வெளியீடு கொண்டுவந்த நாளில் வேறுபாட்டைத் திறந்தால் இரண்டே வரி மாறியிருக்கும்: பழைய பெயரும் தேதியும் சிவப்பில், புதியவை பச்சையில். ஏபிஐ இன்றைக்கு ஒரு வரிசையில் தந்து நாளைக்கு வேறு வரிசையில் தந்தாலும் கோப்பு அசையாது. தரவில் தப்பு ஏதும் நுழைந்தால் கண்ணால் பார்த்தே பிடித்துவிடலாம்.

நட்சத்திரம்தான் தினமும் மாறும். 1,247 என்று காட்டுவதால் படிப்பவருக்கு என்ன கூடுதலாகத் தெரியப்போகிறது? எடுக்கும் ஸ்கிரிப்டிலேயே நூறுக்குக் கீழே வெட்டி 1,200 என்று எழுதிவிடுங்கள், பக்கத்தில் '1,200க்கு மேல்' என்று காட்டுங்கள். தினசரி மாற்றம் பெரும்பாலும் காணாமல் போய்விடும். 300 பதிவு, பதிவுக்கு ஏழெட்டு வரி என்றால் மொத்தம் 2,500 வரிக்குள் அடங்கும் ஓர் உரைக்கோப்பு. இதில் தினம் சில வரி மாறுவதை கிட் வேறுபாடாகச் சுருக்கி வைத்துக்கொள்ளும். இந்த அளவில் வீக்கம் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

லாக் குப்பையாவது பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அதற்குத் தரவை மட்டும் தனிக் கிளையில் வைக்கலாம். பில்டுக்கு முன் இரண்டு கிளையையும் இறக்கினால் போதும். ஆனால் பங்களிப்பவருக்கு ஒரு படி கூடும். 300 பதிவு உள்ள தளத்துக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

ராத்திரிப்பறவை · திங்கள், இரவு 11:50

எங்கே வைப்பது என்று பேசுகிறீர்கள், 600 அழைப்பு எதற்கு என்று யாருமே கேட்கவில்லையே.

கிட்ஹப்பின் கிராஃப்கியூஎல் ஏபிஐயில் (வேண்டிய புலத்தை மட்டும் கேட்டு வாங்கும் வகை) ஒரே கேள்விக்குள் பல ரெப்போக்களைத் தனித்தனிப் பெயர் கொடுத்துக் கேட்கலாம். கடைசி வெளியீடும் அதே கேள்விக்குள் வந்துவிடும். ஐம்பது ஐம்பதாகக் கேட்டால் 600 அழைப்பு ஆறாகிவிடும். ஏழு புலம் மட்டும் வேண்டும் என்று வெண்கொக்கு சொன்னாரே, அந்த ஏழை மட்டுமே கேட்கலாம். வெட்டி எறியும் வேலையும் மிச்சம். அதற்கு டோக்கன் கட்டாயம் வேண்டும். எடுக்கும் ஸ்கிரிப்ட் தனியாக ஓடுவதால் அது தொந்தரவு இல்லை.

ரெஸ்ட் ஏபிஐயிலேயே (ஒவ்வொன்றையும் தனி முகவரியில் கேட்கும் இப்போதைய வகை) இருக்க வேண்டும் என்றால் ஈடேக்கைப் பயன்படுத்துங்கள். சர்வர் ஒவ்வொரு பதிலோடும் ஓர் அடையாளம் அனுப்பும். அடுத்த தடவை அதைத் திருப்பிக் காட்டி 'இதற்குப் பிறகு மாறியதா' என்று கேட்டால், மாறாத பட்சத்தில் 304 என்ற எண் மட்டும் வரும், உள்ளடக்கம் வராது. டோக்கனோடு கேட்டு 304 வாங்கினால் அது மணிக்கணக்கு வரம்பில் சேராது என்று கிட்ஹப் ஆவணத்திலேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஈடேக்கையும் அதற்குரிய உள்ளடக்கத்தையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் வையுங்கள். உள்ளடக்கம் அழிந்து ஈடேக் மட்டும் மிஞ்சினால் 'மாறவில்லை' என்ற பதில் வரும், எது மாறவில்லை என்று காட்டக் கையில் ஒன்றும் இருக்காது.

பட்டியல்களை வாங்கும்போது பக்கங்களையும் பாருங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் பக்கத்துக்கு 30 வரும், அதிகபட்சம் 100 கேட்கலாம். அடுத்த பக்கத்தின் முகவரி பதிலின் தலைப்பில் வரும். அதைப் பின்தொடராத ஸ்கிரிப்ட், முதல் 30 பதிவை எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும்.

பனையோலை · செவ்வாய், காலை 8:15

எல்லோருக்கும் நன்றி. கிராஃப்கியூஎல் பக்கம் போகிறோம், கோப்பு ரெப்போவிலேயே இருக்கட்டும் என்று பேசி முடித்தோம். எலெவன்டியில் பேஜினேஷன் (பக்கத்துக்கு எத்தனை பதிவு) அளவை 1 என்று வைத்தால் அந்த ஒரே கோப்பிலிருந்து 300 பக்கமும் வந்துவிடுகிறது.

இப்போது பயம் வேறு. நடுவில் ஏதாவது தப்பாகி, அரைகுறைத் தரவு கமிட் ஆகிவிட்டால்? பட்டியலில் உள்ள திட்டத்தை யாராவது அழித்துவிட்டால், பெயர் மாற்றிவிட்டால்?

ஆலமரத்தடி · செவ்வாய், காலை 9:30

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

நான் பராமரிக்கும் ஒரு நிகழ்ச்சிப் பட்டியல் தளத்தில் நடந்தது. தரவு தரும் சேவை ஒரு நாள் பராமரிப்பில் இருந்தது. அந்த நேரத்தில் கேட்டால் 503 (சேவை இல்லை) தர வேண்டும். அது 200 (சரி) என்று சொல்லி, வெறும் பட்டியலைக் கொடுத்தது. வடிவம் சரி, ஜேசன் சரி, உள்ளே ஒன்றும் இல்லை. பில்ட் பச்சை டிக் போட்டுத் தளத்தை ஏற்றிவிட்டது. ஒரு நிகழ்ச்சிகூட இல்லாத நிகழ்ச்சித் தளம் மதியம் வரை அப்படியே நின்றது. பில்ட் உடைந்திருந்தால் பழைய தளமாவது இருந்திருக்கும். வெற்றி பெற்ற பில்ட்தான் கெடுதல் செய்தது.

அதிலிருந்து என் ஸ்கிரிப்ட் எதையும் அப்படியே நம்பாது. பதிலில் தேவையான புலங்கள் இருக்கின்றனவா, தேதி தேதியாக இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு பழைய கோப்போடு ஒப்பிடும். பதிவுகள் பத்தில் ஒன்றுக்கு மேல் குறைந்திருந்தால் எழுதாமல் நின்று எனக்குத் தகவல் அனுப்பும். நிஜமாகவே அவ்வளவு குறைந்திருந்தால் கையால் ஒரு விசையைப் போட்டு ஓடவிடுவேன். அப்படி ஒரு நாள் அபூர்வமாகத்தான் வரும்.

கிராஃப்கியூஎல்லுக்கு மாறுகிறீர்கள் என்பதால் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள். ஒரு ரெப்போ இல்லை என்றால் அங்கே 404 (கிடைக்கவில்லை) வராது. பதில் 200தான். அந்த ரெப்போவின் இடத்தில் வெறுமை இருக்கும், பிழைகள் என்ற தனிப் பட்டியலில் 'கிடைக்கவில்லை' என்று ஒரு குறிப்பு இருக்கும். நிலை எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் இதைத் தவறவிடும். பெயர் மாறிய ரெப்போவைப் பழைய பெயரில் கேட்டால் புதிய இடத்துக்கே கொண்டுபோய் விவரம் தரும். நீங்கள் கேட்ட பெயரையும் வந்த பெயரையும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் பட்டியலில் திருத்தச் சொல்லி ஓர் இஷ்யூ திறக்க வைக்கலாம்.

அழிந்துபோன திட்டத்தை உடனே தூக்காதீர்கள். ஒரு நாள் கிடைக்கவில்லை என்றால் பழைய பதிவையே வைத்து 'காணவில்லை' என்று ஒரு குறி மட்டும் போடுங்கள். தொடர்ந்து காணாமலே இருந்தால் ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும்.

429 (அளவு மீறிய அழைப்பு) வந்தால் உடனே மறுபடி தட்டக்கூடாது. எத்தனை விநாடி கழித்து வரவேண்டும் என்று பதிலின் தலைப்பில் இருந்தால் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், சில முயற்சிக்குப் பிறகு அன்றைக்கு விட்டுவிடுங்கள். பழைய கோப்பு இருக்கிறது, தளம் நிற்கப்போவதில்லை.

எழுதுவதையும் ஒரே மூச்சில் செய்யுங்கள். முதலில் தற்காலிகப் பெயரில் முழுக்க எழுதி, சரிபார்த்து, கடைசியில் உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். நடுவில் ஸ்கிரிப்ட் செத்தாலும் பழைய கோப்பு முழுசாக இருக்கும்.

கடலோடி · செவ்வாய், காலை 11:00

ஆலமரத்தடி சொன்ன சரிபார்ப்பை எங்கள் தளத்திலும் இன்றே சேர்க்கிறேன். நாங்கள் ஹ்யூகோ என்ற நிலைத்தளக் கருவியில் இருக்கிறோம். அங்கே இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: வெளித் தரவை வாங்கும் பழைய கெட்ஜேசன் செயற்கூறு 0.123 பதிப்பில் கைவிடப்பட்டது. இப்போது கெட்ரிமோட்தான். அது வாங்கியதை ஹ்யூகோவே கோப்புக் கேச்சில் வைத்துக்கொள்ளும். இயல்பு அமைப்பில் அந்தக் கேச் காலாவதியே ஆகாது. உங்கள் கணினியில் வாரக்கணக்கில் பழைய தரவே வந்துகொண்டிருந்தால் காரணம் இதுதான். கால அளவை அமைப்புக் கோப்பில் நீங்களே கொடுக்க வேண்டும்.

வெண்கொக்கு வழியில் போனால் இந்தத் தலைவலியே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஹ்யூகோ ஓடுவதற்கு முன்பே டேட்டா ஃபோல்டரில் கோப்பு தயாராக இருந்தால் கெட்ரிமோட்டே வேண்டாம். ஆனால் எங்களிடம் 40,000 பதிவு, தினமும் பாதிக்கு மேல் மாறும். அதை கிட்டில் வைக்க நான் இன்னும் தயாரில்லை. ஒரு ஸ்டோரேஜ் பக்கெட்டில் (இணையக் கோப்புக் கிடங்கு) தேதி போட்ட கோப்பாக ஏற்றி, எந்தத் தேதிக் கோப்பு என்பதை மட்டும் ரெப்போவில் ஒரு வரியாக வைத்திருக்கிறோம்.

வெண்கொக்கு · செவ்வாய், காலை 11:20

அந்த அளவுக்கு அதுதான் சரி, கடலோடி. அந்த ஒரு வரி ரெப்போவில் இருக்கும்வரை பழைய கமிட் பழைய தரவைத்தான் எடுக்கும். பில்ட் எதைத் தின்கிறது என்று கமிட்டைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும், என் கவலை அவ்வளவுதான்.

நூல்கண்டு · செவ்வாய், பிற்பகல் 3:45

நேற்று நான் சொன்னதில் மாற்றம் இல்லை, சின்னத் தளத்துக்கு ப்ளக்இன் போதும். ஆனால் கோப்பாகச் சேமிக்கப் போகிறவர்கள் படங்களை மறந்துவிடுகிறார்கள்.

குறிப்பெழுதும் செயலியான நோஷனை உள்ளடக்கத்துக்குப் பயன்படுத்தி நிலைத்தளம் கட்டுபவர்கள் பலர் உண்டு. அங்கே ஏற்றிய படத்துக்கு ஏபிஐ தரும் முகவரி ஒரு மணி நேரம்தான் செல்லும். அந்த முகவரியை ஜேசனில் சேமித்துத் தளத்தைக் கட்டினால், ஏற்றிய உடனே பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து வருபவருக்கு ஒரு படமும் தெரியாது. ஜேசனைச் சேமிக்கும்போதே படத்தையும் இறக்கி, உங்கள் முகவரியை எழுத வேண்டும். நோஷன் சராசரியாக விநாடிக்கு மூன்று அழைப்புதான் ஏற்கும் என்பதால் பெரிய தளங்களுக்குக் கோப்புச் சேமிப்பு தவிர வேறு வழியும் இல்லை.

எல்லா ஏபிஐயும் சேமிக்க அனுமதிக்காது, விதிமுறையைப் படியுங்கள். கூகுள் மேப்ஸ் தளத்தில் இட அடையாள எண்ணை எவ்வளவு நாளும் வைத்திருக்கலாம், அட்சரேகை தீர்க்கரேகையைத் தொடர்ச்சியாக 30 நாள் வரைதான். கிட்டில் கமிட் செய்தால் அது வரலாற்றில் என்றென்றைக்கும் இருந்துவிடும், 30 நாளில் அழித்ததாகாது. அந்த மாதிரித் தரவுக்கு வெண்கொக்கு வழி பொருந்தாது.

ராத்திரிப்பறவை · புதன், அதிகாலை 12:40

ரகசியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிலைத்தளத்தில் சர்வர் கிடையாது, பில்ட் வெளியே தள்ளும் எல்லாமே பொதுச்சொத்து. நெக்ஸ்ட்ஜேஎஸ் என்ற தளக் கருவியில் நிலைப் பக்கத்துக்கான தரவுச் செயற்கூறு திருப்பித் தரும் எல்லாமும் பக்கத்துக்குள் ஜேசனாக ஏறி உலாவிக்குப் போய்விடும். திரையில் பெயர் மட்டும்தானே காட்டுகிறோம் என்று முழுப் பயனர் விவரத்தையும் அனுப்பியிருந்தால், மின்னஞ்சல் முகவரி வரை பக்கத்தின் மூலத்தில் கிடக்கும். ஏழு புலம் மட்டும் எடுத்து வைக்கும் பழக்கம் இதையும் தடுத்துவிடும்.

தேடலுக்காக அதே ஜேசனை உலாவிக்கும் கொடுக்கப் போகிறீர்களா, பனையோலை? கிட்ஹப் பேஜஸ் கோப்புகளைப் 10 நிமிடம் வைத்திருக்கலாம் என்று சொல்லி அனுப்பும், அதை நாம் மாற்ற முடியாது. புதிய பக்கமும் பழைய ஜேசனும் ஒருவரிடம் சேர்ந்து இருக்க வாய்ப்பு உண்டு. கோப்பின் பெயரிலேயே, உள்ளடக்கம் மாறினால் மாறும் குறியெண்ணான ஹாஷைச் சேர்த்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

பனையோலை · வியாழன், மாலை 6:20

போட்டு முடித்துவிட்டோம். டேட்டா ஃபோல்டரில் ஒரே ஜேசன், ஸ்கிரிப்ட் தினமும் ஆக்‌ஷன்ஸில் ஓடுகிறது. ரெப்போவை இறக்கிய கையோடு டோக்கன் எதுவும் இல்லாமல் தளம் கட்டுகிறது. பங்களிப்பவர்களுக்கான பக்கத்தில் டோக்கன் எடுப்பது பற்றி இருந்த பத்தி முழுவதையும் நீக்கிவிட்டேன், அதில்தான் பெரிய சந்தோஷம்.

மூன்று கேள்வி மிச்சம். தரவுக் கமிட் போகிறது, ஆனால் அதற்குப் பிறகு தளம் கட்டும் வேலை தானாகத் தொடங்கவில்லை. 'கடைசியாகப் புதுப்பித்தது' என்று எந்தத் தேதியைக் காட்டுவது? சில பக்கங்களில் வெளியீட்டுத் தேதி ஒரு நாள் முன்னதாகத் தெரிகிறது, ஏன்?

ஆலமரத்தடி · வியாழன், இரவு 7:05

முதல் கேள்வி: ஆக்‌ஷன்ஸின் தானியங்கி டோக்கனால் புஷ் செய்தால் (கமிட்டை ரெப்போவுக்கு ஏற்றினால்), அந்தப் புஷ் வேறு வொர்க்ஃப்ளோவைத் (தானாக ஓடும் வேலை வரிசை) தூண்டாது. முடிவில்லாச் சுற்றாகப் போய்விடக்கூடாது என்று கிட்ஹப் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறது. தரவு எடுக்கும் வொர்க்ஃப்ளோ முடிந்ததும் கட்டும் வொர்க்ஃப்ளோ தொடங்கும்படி இரண்டையும் இணையுங்கள். அல்லது எடுக்கும் வேலையின் கடைசிப் படியாக மற்றதை நேரடியாக அழையுங்கள், அது அனுமதிக்கப்பட்டதுதான். கோப்பு மாறவில்லை என்றால் அழைக்கவே வேண்டாம்.

மூன்றாவது: பில்ட் இயந்திரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. ஏபிஐ தரும் நேரமும் யுடிசி. இந்திய, இலங்கை நேரம் ஐந்தரை மணி நேரம் முன்னால். நம் ஊரில் அதிகாலை 3 மணிக்கு வந்த வெளியீட்டுக்கு அங்கே முந்தைய நாள் தேதிதான். கோப்பில் முழு நேரத்தையும் யுடிசியிலேயே வையுங்கள். பக்கத்தில் காட்டும்போது மட்டும் நேர மண்டலத்தை வெளிப்படையாகக் கொடுத்து மாற்றுங்கள். இயந்திரத்தின் நேரத்தை நம்பினால் உங்கள் கணினியில் ஒன்றும் சர்வரில் ஒன்றும் வரும்.

வெண்கொக்கு · வியாழன், இரவு 8:30

இரண்டாவது கேள்விக்கு: பில்ட் ஓடிய தேதியைக் காட்டாதீர்கள். எழுத்துப்பிழை திருத்தி மறுபடி கட்டினால் தரவும் புதிதானது போலத் தோன்றும். ஏபிஐ மூன்று நாளாகப் படுத்திருக்கும்போது பக்கம் 'இன்று புதுப்பித்தது' என்று சொல்வது படிப்பவரை ஏமாற்றுவதுதான்.

ஸ்கிரிப்ட் கடைசியாக வெற்றிகரமாகச் சரிபார்த்த நேரத்தைக் காட்டுங்கள். அதை ஒவ்வொரு பதிவிலும் எழுதினால் தினமும் 300 வரி மாறும், நாம் செய்த சுத்தமெல்லாம் வீண். பக்கத்திலேயே ஒரு சின்னக் கோப்பில் தனியாக எழுதுங்கள். தரவு மாறாத நாளிலும் அந்த ஒரு வரி மாறி கமிட் ஆகும். அதில் இன்னொரு பயனும் உண்டு. பொது ரெப்போவில் 60 நாள் எந்தச் செயல்பாடும் இல்லாவிட்டால் நேர அட்டவணையில் ஓடும் வொர்க்ஃப்ளோவை கிட்ஹப் நிறுத்திவிடும். இந்தக் கமிட் அதைத் தடுக்கும். ஆனால் அந்த நேரம் பக்கத்தில் தெரிய வேண்டுமானால் அன்றைக்கும் தளம் கட்டப்பட வேண்டும். அதனால் 'மாறாவிட்டால் கட்டாதே' என்ற விதியை உங்கள் தளத்துக்கு விட்டுவிடலாம், நாளுக்கு ஒரு பில்ட் பாரமில்லை.

பனையோலை · வியாழன், இரவு 9:10

புரிந்தது, இன்றே மாற்றுகிறேன். ஸ்கிரிப்டை யுடிசி நள்ளிரவு 0:00க்கு வைத்திருக்கிறேன். சில நாள் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்குகிறது. அது இயல்பா?

ராத்திரிப்பறவை · வியாழன், இரவு 11:35

இயல்புதான். மணி தொடங்கும் நிமிடத்தில் எல்லோரும் வைப்பதால் அந்த நேரத்தில் நெரிசல். தாமதமாகும், ரொம்ப நெரிசலானால் ஓடாமலே விட்டுப்போகவும் செய்யும். 17, 43 மாதிரி ஏதாவது ஒரு நிமிடத்துக்கு மாற்றிவிடுங்கள். கையால் ஓடவிடும் பொத்தானையும் அந்த வொர்க்ஃப்ளோவில் சேர்த்து வையுங்கள், விட்டுப்போன நாளில் அதை அழுத்தினால் போதும்.